வாசகர் கேள்வி – பதில்: சிங்கராஜாவின் செரண்டிப் ஆந்தை

கேள்வி: இலங்கையின் மழைக்காடுகளில் மட்டுமே வாழும் செரண்டிப் ஆந்தை 2001-ஆம் ஆண்டில்தான் முதன்முதலாகக் கண்ணில் பட்டது என்று படித்தேன். ஆங்கிலேயர் காலத்திலிருந்தே பறவைகளைத் தேடித் தேடிப் பட்டியலிட்ட ஒரு தீவில், ஓர் ஆந்தை இவ்வளவு காலம் எப்படி மறைந்திருந்தது?
– வாசகர் ஒருவர், மட்டக்களப்பு

பதில்: அதன் குரலும் நிறமும் வாழும் இடமும் சேர்ந்தே அதை மறைத்து வைத்திருந்தன. ஏறத்தாழ 16 செ.மீ. நீளமே உள்ள இந்த ஆந்தையின் உடல் பெரும்பாலும் செம்பழுப்பு. அதன்மேல் சிறு சிறு கரும்புள்ளிகள். வீட்டுத் தோட்டங்களில் நாம் காணும் சிற்றாந்தைகளுக்கு உள்ளதுபோல், காதுகளைப் போலத் தலையில் நிமிர்ந்து நிற்கும் தூவிகள் இதற்கு இல்லை. பகலில் உயர்ந்த மரங்களை நாடாமல், தரையிலிருந்து ஓரிரு மீட்டர் உயரத்திலுள்ள அடர்ந்த புதருக்குள், காய்ந்து தொங்கும் இலைகளுக்கு நடுவே அசையாமல் அமர்ந்திருப்பதால், கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவருக்கும் அது ஒரு சருகாகவே தெரியும். அந்தி சாய்ந்ததும் வண்டுகளையும் அந்துப்பூச்சிகளையும் தேடித் தரையை ஒட்டியே பறக்கத் தொடங்குகிறது. அதன் கூவலோ மெல்லிய நடுக்கமுள்ள ஒற்றைச் சுரம். ஒருமுறை ஒலித்தபின் அரை நிமிடம் வரை மௌனம். மழைக்காட்டின் தவளை, பூச்சி இரைச்சலுக்கு நடுவே அதைப் பிரித்துக் கேட்பதற்குத் தேர்ந்த செவி வேண்டும்.

அத்தகைய செவி தீபால் வரகாகொடவுக்கு இருந்தது. பறவைக் குரல்களை ஒலிப்பதிவு செய்வதில் வல்லவரான அவர், 1995-இல் கித்துல்கல காட்டில் தமக்குத் தெரிந்த எந்தப் பறவைக்கும் உரியதல்லாத இக்குரலைக் கேட்டார். குரலுக்குரிய பறவையை, தென்மேற்கு இலங்கையின் சிங்கராஜா மழைக்காட்டில் அவர் கண்ணால் கண்டது 2001 சனவரியில். அவரும் பறவையியலாளர் பமீலா ராஸ்முசெனும் அதைப் புதிய இனமாக முறைப்படி விவரித்தது 2004-இல். 1868-க்குப் பின் இலங்கையில் புதிதாகக் கண்டறியப்பட்ட முதல் பறவையினம் இதுவே. அறிவியற்பெயரில் திலோ ஹொஃப்மனின் பெயர் இடம்பெற்றிருப்பது மிகப் பொருத்தமானது என்பேன். 1970-களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காகச் சிங்கராஜாவில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டியபோது, அதை எதிர்த்து முன்னின்று போராடியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த அம்மனிதர். வெட்டு நிறுத்தப்பட்டிராவிட்டால், பின்னாளில் வரகாகொட தேடிச் செல்ல அங்கே என்ன எஞ்சியிருக்கும்?

கேள்வி: சிங்கராஜா உலக மரபுரிமைத் தலமாயிற்றே! பிறகும் இந்த ஆந்தை அருகிவரும் இனமாக இருப்பது ஏன்?
– வாசகி ஒருவர், ஹற்றன்

பதில்: சிங்கராஜாவுக்கு அந்தத் தகுதி 1988-இலேயே கிடைத்துவிட்டது என்பது உண்மை. ஆனால் ஆந்தை சிங்கராஜாவில் மட்டும் இல்லை. கித்துல்கல, மொரப்பிட்டிய, கன்னெலிய, எரத்ன–கிலிமலை ஆகிய காடுகளிலும் உண்டு. தென்மேற்கு ஈரவலயத்தின் தாழ்நிலத்தில் ஒரு காலத்தில் தொடர்ச்சியாகப் பரந்திருந்த மழைக்காடு இன்று தேயிலையும் இறப்பரும் ஊர்களும் சூழ்ந்த துண்டுகளாகவே எஞ்சியிருக்கிறது. ஆள் நடமாட்டம் குறைந்த பெரிய காட்டை நாடும் பறவைக்கு, ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தேயிலைச் சரிவுகளைக் கடந்து செல்வது எளிதன்று. மரங்களை எண்ணிக் காடு நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதும் தவறு. எல்லையோரத்தில் விறகுக்காகவும் சிறு தேயிலைத் தோட்டத்துக்காகவும் கீழ்ப்புதர் சிறிது சிறிதாக வெட்டப்படும்போது, மேலே பசுமை அப்படியே தெரியும். ஆந்தை பகலில் தங்கும் இடமோ போய்விடும். ஆகவே, பெயர்பெற்ற ஒரு காட்டைக் காப்பதோடு நில்லாமல், சிறிய காடுகளின் எல்லைகளை அளந்து உறுதிப்படுத்துவதும் இடைப்பட்ட நிலங்களில் நாட்டு மரங்களை வளர்த்துத் துண்டுகளை இணைப்பதும் இன்று மிக அவசரமான பணிகள்.

கேள்வி: இந்த ஆந்தையை நேரில் காண விரும்புகிறேன். அதற்கு இடையூறு செய்யாமல் எப்படிப் பார்ப்பது?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: சிங்கராஜாவிலுள்ள வழிகாட்டிகள் பலருக்கு அது பகலில் தங்கும் புதர்கள் தெரியும், அவர்களுடன் செல்லுங்கள். பதிவுசெய்த குரலை ஒலிக்கச் செய்து அதை வெளியே அழைக்கும்படி வற்புறுத்தாதீர்கள். வேற்று ஆந்தை தன் எல்லைக்குள் வந்துவிட்டதாகக் கருதி அது வேட்டையை விட்டுவிட்டு அலையும். படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். நன்றாகப் பார்ப்பதற்காகக் கிளைகளை விலக்கிவிடும் பழக்கமும் கூடாது. சில நிமிடங்கள் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.