சீர்திருத்தத்துக்கு விலை வைக்காதீர்கள், வாக்கெடுப்பு வையுங்கள்

கேள்வி: 1815 முதல் 1914 வரையிலான பிரிட்டனை வைத்து ஒரு கிராண்ட் ஸ்ட்ராட்டஜி கேம் (பிளேயர் ஒரு நாட்டையே பல ஆண்டு நடத்தும் வகை) செய்கிறேன். ஆடிப் பார்ப்பவர்கள் 1840-க்குள் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்து முடித்துவிடுகிறார்கள். சீர்திருத்தத்துக்கான புள்ளி விலையை இரட்டிப்பாக்கினால் யாரும் அந்தப் பக்கமே போவதில்லை. எந்த எண்ணில் நிறுத்துவது?

பதில்: எந்த எண்ணில் நிறுத்தினாலும் சரிவராது. புள்ளி சேர்ந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்தால், மலிவாக இருக்கும்போது எல்லோரும் வாங்குவார்கள், விலை ஏறினால் ஒருவரும் வாங்கமாட்டார்கள். அன்றைக்குச் சீர்திருத்தத்தைத் தடுத்தது அவையில் உட்கார்ந்திருந்த ஆட்கள்.

1831-ஐப் பாருங்கள். ஏறக்குறைய ஆளே இல்லாத ஓல்ட் சாரம் இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது, மான்செஸ்டருக்கு ஒருவர்கூட இல்லை. இதைத் திருத்த வந்த மசோதா அந்த மார்ச்சில் காமன்ஸ் சபையில் 302-க்கு 301 என்று ஒரே வாக்கில் தப்பியது. ஆனாலும் அது நிறைவேறவில்லை. தேர்தலுக்குப் பிறகு மறுபடி வந்த மசோதாவை அக்டோபரில் மேலவையான பிரபுக்கள் சபை தோற்கடித்தது. நாட்டிங்ஹாம் கோட்டை எரிந்தது, பிரிஸ்டலில் மூன்று நாள் கலவரம். மே 1832-இல், தேவைப்பட்டால் புதுப் பிரபுக்களை நியமிக்கிறேன் என்று மன்னர் நான்காம் வில்லியம் ஒப்புக்கொண்ட பிறகுதான் எதிர்த்தவர்களில் பலர் ஒதுங்கினார்கள். ஜூனில் சட்டமானது. பழமைவாதி மனம் மாறவில்லை, பயந்தார். உங்கள் கேமில் ஓட வேண்டியது இந்தப் பயம்தான்.

அதை இப்படிக் கோடில் எழுதலாம். மேலவையில் 100 இடம்: தாராளவாதிகள் 28, தீவிர சீர்திருத்தவாதிகள் 10, பழமைவாதிகள் 62. நிறைவேற 51 வேண்டும். கொந்தளிப்பு 0 முதல் 10 வரை. 4-ஐத் தாண்டும் ஒவ்வொரு புள்ளிக்கும் பழமைவாதிகளில் 8 சதவீதம் பேர் ஆதரவுப் பக்கம் வரட்டும். கொந்தளிப்பு 3 என்றால் 38 வாக்குதான். 7 என்றால் 24 சதவீதம், அதாவது 15 பேர் வருவார்கள், மொத்தம் 53. நிறைவேறிவிடும்.

சட்டம் வந்ததும் கொந்தளிப்பை 3 புள்ளி இறக்குங்கள். அது 4-க்கு வந்துவிடும், அந்த 15 பேரும் திரும்பிப் போய்விடுவார்கள். அடுத்த சீர்திருத்தம் தானாகவே தள்ளிப்போகும், தனியாகக் காத்திருப்பு காலம் எதுவும் வைக்க வேண்டாம். வேண்டுமென்றே கொந்தளிப்பை ஏற்றிவிட்டு ஆதாயம் பார்க்கும் பிளேயர் கட்டாயம் வருவார். அதனால் 6-க்கு மேல் வரி வருவாய் சரியட்டும், 8-க்கு மேல் கிளர்ச்சி வெடிக்கட்டும்.

என் பார்வையில் இதைவிட முக்கியமான இடம் ஒன்று உண்டு. பல கேம்கள் கோட்டைவிடுவதும் அங்கேதான். வாக்கு கிடைத்தவர் அடுத்த நாள் யார் பக்கம் நிற்கிறார்? 1832 நடுத்தர வர்க்கத்துக்கு இடம் கொடுத்தது, தொழிலாளிகளை வெளியே விட்டது. 1838-இல் தொழிலாளிகளுக்கும் வாக்கு கேட்டு சாசன இயக்கம் (சார்ட்டிஸம்) கிளம்பியது. 1842-இல் முப்பது லட்சத்துக்கும் மேல் கையெழுத்தோடு வந்த மனுவை நாடாளுமன்றம் தள்ளிவிட்டது. நேற்று வரை தெருவில் கூட நின்ற நடுத்தர வர்க்கத்தில் பலர் இப்போது உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த பெரிய சட்டம் வர 1867 ஆனது, அதுவும் டெர்பி பிரபுவின் பழமைவாத அரசின் கையால், காமன்ஸ் சபையில் அதை நடத்திக்கொடுத்தவர் அந்த அரசின் அமைச்சர் டிஸ்ரேலி. ஆகவே வாக்குரிமை பெற்ற வர்க்கத்தின் கொந்தளிப்பைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள், விடுபட்டவர்களுடையது மெதுவாக ஏறட்டும். மேலவையின் இட எண்ணிக்கையும் ஒரே நாளில் மாறக் கூடாது, தேர்தலுக்குத் தேர்தல் கொஞ்சமாக நகரட்டும்.

அப்புறம் சோதனை. பிளேயர் இல்லாமல் ஏஐ-யை மட்டும் 50 முறை ஓடவிட்டு, முதல் சீர்திருத்தம் வந்த ஆண்டை ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். ஐம்பதும் இரண்டு மூன்று ஆண்டுக்குள் விழுந்தால் விதி இறுக்கமாக இருக்கிறது, 8 சதவீதத்தைக் கொஞ்சம் குறைத்து, கொந்தளிப்பு ஏறும் வேகத்தில் கூடுதல் ஏற்ற இறக்கம் வையுங்கள். அதே விதியைப் பிரஷ்யாவிலும் ஓடவிடுங்கள். கட்டும் வரியை வைத்து வாக்காளர்களை மூன்றாகப் பிரித்த அங்குள்ள முறை 1849-இல் தொடங்கி 1918 வரை நின்றது. உங்கள் பிரஷ்யா 1860-லேயே அதைக் கைவிட்டால், அங்கே பழமைவாதிகளின் இடங்களைக் கூட்டிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.