ஒரே சிஓபிடி, ஒருவருக்கு மட்டும் ஏன் அடிக்கடி முற்றுகிறது?

"அப்பாவுக்கும் அவர் நண்பருக்கும் சிஓபிடி. ஊதிப் பார்க்கும் சோதனையில் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அப்பா மட்டும் ஏன் அடிக்கடி மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சிஓபிடி என்பது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சுவிடச் சிரமமாகும் நாள்பட்ட நுரையீரல் நோய். முற்றுவது என்று இங்கே சொல்வது, அந்தச் சிரமம் திடீரென அதிகமாவதை.

ஊதும் சோதனை, மூச்சுக்குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்றுதான் சொல்லும். 2010இல் வெளியான எக்லிப்ஸ் ஆய்வு 2,138 நோயாளிகளை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அடுத்து யாருக்கு முற்றும் என்பதை மிக நன்றாகக் காட்டியது, முன்பு அவருக்கு முற்றியிருக்கிறதா என்பதுதான். நுரையீரல் ஓரளவு நன்றாக இருந்தவர்களிலும் அடிக்கடி அவதிப்பட்டவர்கள் இருந்தார்கள். அதனால் போன வருடம் எத்தனை முறை முற்றியது என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், தூண்டுகிற காரணமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. சிலருக்கு பாக்டீரியா, சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும், ஆன்டிபயாடிக் உதவும். சிலருக்குச் சாதாரண ஜலதோஷ வைரஸே போதும். இன்னும் சிலருக்கு ஈசினோபில் என்ற வெள்ளையணு கூடியிருக்கும். ரத்தத்தில் அது ஒரு மைக்ரோலிட்டருக்கு 300 அல்லது அதற்கு மேல் இருந்தால், ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் முற்றுவதைக் குறைக்க நல்ல வாய்ப்பு உண்டு. 100க்குக் கீழே என்றால் பலன் குறைவு. சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே இது தெரியும். அப்பாவுக்குப் பார்த்தார்களா என்று கண்டிப்பாகக் கேளுங்கள்.

இதய நோய், நெஞ்செரிச்சல், விறகடுப்புப் புகை, விடாத சிகரெட் எல்லாம் சேர்ந்துகொள்ளும். இன்ஹேலரைச் சரியாக இழுக்காதவர்களும் நிறைய. அடுத்த முறை டாக்டர் முன்னாலேயே அப்பாவை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.