சிறார் போராளிகள் பற்றிய விழிப்புணர்வுப் பிரசாரங்களால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் பிரசாரம் செய்கிறவர்கள் யாரிடம் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அந்தப் பயன் அமைகிறது. வட உகாண்டாவின் வரலாற்றைச் சில காலமாகத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில், அந்த ஒரு பகுதியின் அனுபவத்தைக் கொண்டே இதற்குப் பதில் சொல்கிறேன்.

ஜோசப் கோனியின் கிளர்ச்சிப் படையான லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி, சுருக்கமாக எல்.ஆர்.ஏ., 1980களின் இறுதியில் அப்பகுதியின் அச்சோலி இன மக்களின் பெயரைச் சொல்லித்தான் ஆயுதம் ஏந்தியது. அம்மக்களின் ஆதரவு கிடைக்காமல் போனபோது, அவர்களுடைய பிள்ளைகளையே கடத்தித் தன் படையை நிரப்பிக்கொண்டது. கடத்தப்பட்ட சிறார்கள் ஏறத்தாழ 25,000 பேர் என்று யுனிசெப் மதிப்பிட்டிருக்கிறது. பிடித்து வந்த பிள்ளைகளைக் கொண்டே, தப்பியோட முயன்ற இன்னொரு பிள்ளையையோ சொந்த ஊர்க்காரர் ஒருவரையோ கொல்ல வைத்தார்கள். இதைச் செய்த பிறகு ஊர் தன்னை ஏற்காது என்ற அச்சமே அந்தப் பிள்ளையைக் காட்டில் கட்டிப்போடப் போதுமானதாக இருந்தது. கடத்தலுக்கு அஞ்சி, அந்தி சாயும் வேளையில் கிராமங்களிலிருந்து பல்லாயிரம் சிறுவர் சிறுமியர் குலு நகருக்கு நடந்தே வந்து, தேவாலயங்களிலும் மருத்துவமனை வளாகங்களிலும் படுத்துறங்கி, விடிந்ததும் ஊர் திரும்பிய காலம் ஒன்று இருந்தது.

1996 அக்டோபரில் அபோகே என்னுமிடத்துப் பள்ளியிலிருந்து 139 மாணவிகளை அந்தப் படை கொண்டுபோனது. பள்ளியின் துணைத் தலைமைப் பொறுப்பிலிருந்த இத்தாலியக் கன்னியாஸ்திரி ராக்கேலே ஃபஸ்ஸேரா காட்டுக்குள் அவர்களைப் பின்தொடர்ந்து சென்று, தளபதியிடம் மன்றாடி 109 பேரை மீட்டு வந்தார். எஞ்சிய 30 பேரை விட மறுத்துவிட்டார்கள். சிறார் போராளி என்றதும் துப்பாக்கி ஏந்திய சிறுவனின் படம்தான் நம் நினைவுக்கு வருகிறது. சுமை தூக்கவும் சமைக்கவும் வைக்கப்பட்ட, தளபதிகளுக்கு 'மனைவி'யாக ஒப்படைக்கப்பட்ட சிறுமிகள் அந்தப் படத்தில் இடம்பெறுவதே இல்லை. ஆயுதக் குழுக்களில் சிக்கிய சிறார்கள் பற்றிய பன்னாட்டு வழிகாட்டு நெறிகளான, 2007ஆம் ஆண்டின் பாரிஸ் கொள்கைகள் இவர்கள் அனைவரையும் ஒரே வரையறைக்குள் கொண்டுவந்தன.

இனி பிரசாரத்துக்கு வருகிறேன். 2012 மார்ச்சில் ஓர் அமெரிக்க அமைப்பு கோனியைப் பற்றி வெளியிட்ட அரைமணி நேரக் காணொளி, ஒரு வாரத்துக்குள் பத்துக் கோடிப் பார்வைகளைத் தாண்டியது. ஆனால் கோனியின் படை 2006 வாக்கிலேயே உகாண்டாவை விட்டு வெளியேறிவிட்டிருந்தது. அந்தக் காணொளியை வட உகாண்டாவின் லிரா நகரில் திரையிட்டபோது, பாதிக்கப்பட்ட மக்களே சினந்து கூச்சலிட்டார்கள். தங்கள் துயரம் வேறு யாருடைய கதையாகவோ மாற்றப்பட்டுவிட்டதாக அவர்கள் உணர்ந்ததில் வியப்பில்லை. அதே மார்ச் 14 அன்று, பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் தன் வரலாற்றின் முதல் தீர்ப்பை வழங்கியது: பதினைந்து வயதுக்குட்பட்ட சிறார்களைப் படையில் சேர்த்துப் போரிட வைத்த குற்றத்துக்காகக் காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபாங்கா குற்றவாளி என்று. காணொளியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் இந்தச் செய்தியைக் கவனித்தார்கள் என்பது என் நெடுநாள் ஐயம்.

என் பார்வையில், இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது குலுவின் மெகா எஃப்.எம். வானொலி. 'வீட்டுக்குத் திரும்பி வா' என்று பொருள்படும் 'த்வோக் சென் பாச்சோ' என்ற அதன் நிகழ்ச்சியில், தப்பி வந்த பிள்ளைகள் அச்சோலி மொழியிலேயே, இன்னும் காட்டில் இருந்த தோழர்களைப் பார்த்துப் பேசினார்கள். திரும்பினால் கொன்றுவிடுவார்கள் என்று தளபதிகள் சொல்லிவந்த பொய்யை, உயிரோடு திரும்பியவரின் குரலைவிட வலுவாக வேறெதுவும் உடைத்திருக்க முடியாது. உகாண்டா நாடாளுமன்றம் 2000இல் இயற்றிய பொது மன்னிப்புச் சட்டம் அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அச்சட்டம் இல்லாமல் அந்த அழைப்பு வெறும் பேச்சாகவே நின்றிருக்கும்.

தொலைதூர நாட்டுக் கொடுமையைக் கண்டிப்பது எளிது. இலங்கைப் போரில் விடுதலைப் புலிகளும், பின்னர் அவர்களிடமிருந்து பிரிந்த கருணா அணியும் சிறார்களைச் சேர்த்ததை யுனிசெப் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தது. அதைப் பற்றித் தமிழில் நாம் எவ்வளவு பேசியிருக்கிறோம் என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு உகாண்டாவைப் பற்றி மட்டும் எழுதுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

மீண்டவர்களின் பிற்காலம்தான் பிரசாரங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது. பள்ளிக்குச் செல்லும் வழியில் ஒன்பது வயது வாக்கில் கடத்தப்பட்ட டொமினிக் ஒங்வென், தன்னைக் கடத்திய எல்.ஆர்.ஏ.வின் தளபதியாகவே வளர்ந்து, பிற குழந்தைகளைப் படையில் சேர்த்தது உள்ளிட்ட 61 குற்றங்களுக்காக 2021இல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார். அவருடைய குழந்தைப் பருவத்தைக் கருத்தில் கொண்டே நீதிபதிகள் ஆயுள் தண்டனையைத் தவிர்த்து 25 ஆண்டுகள் விதித்தார்கள். 2024 பிப்ரவரியில், அவருடைய குற்றங்களால் பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 50,000 பேருக்கு 5.2 கோடி யூரோவுக்கு மேல் இழப்பீடு வழங்க உத்தரவானது. முன்னாள் சிறார் போராளிகளும் அதில் அடங்குவர். ஒங்வெனிடம் பணம் இல்லாததால், நீதிமன்றத்தின் பாதிக்கப்பட்டோர் நிதியம் நாடுகளிடமும் நன்கொடையாளர்களிடமும் அதைத் திரட்ட வேண்டியிருக்கிறது. இன்று இந்தப் பொருளில் பிரசாரம் செய்ய விரும்புகிறவர்களிடம் நான் முதலில் சுட்டிக்காட்டுவது இந்த நிதியைத்தான்.