நிறமும் அளவும் வேறுபட்டால் ஒட்டுண்ணிக் குளவியைப் புதிய சிற்றினம் எனலாமா?

குன்னூரில் உங்கள் தோட்டத்தில் பிடித்த ஒற்றைப் பெண் குளவி, படங்களில் உள்ளதைவிடக் கறுத்தும் பெருத்தும் இருப்பதால் அது புதிய சிற்றினமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லக் கூடாது. நானே ஒருமுறை அந்தத் தவற்றின் விளிம்புவரை போனவன்.

கேத்திப் பள்ளத்தாக்கின் முட்டைகோஸ் வயல்களில், குளவியின் புழு உள்ளிருந்து தின்றதால் உப்பிப் பழுப்பேறிக் கிடந்த அசுவினிகளை (செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகள்) இலையோடு கிள்ளி வந்து, பஞ்சடைத்த கண்ணாடிக் குழாய்களில் தனித்தனியாக வைத்திருந்தேன். மார்கழியில் வெளிவந்த குளவிகள் கருமையாகவும் பெரிதாகவும், சித்திரையில் வந்தவை வெளிறியும் சிறுத்தும் இருந்ததால், இரண்டு சிற்றினங்கள் என்றே விவரணை எழுதத் தொடங்கிவிட்டேன். இறக்கை நரம்புகளையும் வயிற்றின் முதல் கணுவையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்ட பிறகுதான், இரண்டும் உலகின் பல பகுதிகளில் அசுவினியைத் தாக்கும் டயரெட்டியெல்லா ராபே என்பது தெரிந்தது. குளிரில் வளரும் பூச்சி கறுக்கும். பெரிய அசுவினிக்குள் வளர்ந்த குளவி பெருக்கும். இந்தக் குடும்பத்தில் உணர்கொம்பின் கணுக்கள்கூட ஒரே சிற்றினத்துக்குள் ஒன்றிரண்டு கூடிக் குறையும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. செத்த அசுவினியிலிருந்து வெளிவருவது அதைக் கொன்ற குளவியாகவே இருக்க வேண்டியதில்லை. அந்தக் குளவியின் புழுவையே உண்டு வளர்ந்த வேறொரு குளவியாகவும் இருக்கலாம். ஆகவே ஒரு குழாய்க்கு ஓர் அசுவினி என்பதில் நான் மிகக் கண்டிப்பாக இருக்கிறேன்.

பெயர் சூட்டுமுன் பழைய விவரணைகளையும், பெயருக்கு ஆதாரமாகப் பாதுகாக்கப்படும் மூலமாதிரிகளையும் பார்த்தாக வேண்டும். முட்டைகோஸைத் துளைக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவைத் தாக்கும் கோட்டீசியா குளவிக்கு 1912-இல் புளூட்டெல்லே என்று பெயரிட்டார்கள். அதுவே 1834-இல் வெஸ்டாலிஸ் என விவரிக்கப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்ததால், முந்தியது முதன்மை என்ற விதிப்படி பழைய பெயரே இன்று நிற்கிறது.

உங்கள் குளவியை ஆல்கஹாலில் இட்டு, இடம், உயரம், தேதி, செடி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளே போடுங்கள். அதே செடியில் தாக்குண்ட அசுவினியோ புழுவோ தென்பட்டால் வளர்த்துப் பாருங்கள். இரு பாலிலும் சில குளவிகள் கிடைத்து, உறுப்புகளின் வேறுபாடு எல்லாவற்றிலும் மாறாமல் நின்றால், பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்தை அணுகலாம்.