மருத்துவ வினா–விடை: ‘காஸ்’ என்று ஓமத்தண்ணீர் குடிக்கலாமா?

கேள்வி: என் மாமிக்கு 66 வயது; பதினைந்து வருடங்களாகச் சலரோகத்துக்கு (நீரிழிவுக்கு) மருந்து எடுக்கிறார். சென்ற மாதம் முதல், சந்தைக்குப் போய்வந்து மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் பாரமும் இடது தோளில் இழுப்பும் வருகின்றன. சற்று உட்கார்ந்தால் போய்விடுகின்றன. ‘காஸ்’ தான் என்று ஓமத்தண்ணீர் குடிக்கிறார். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்கும் அடிக்கடி நெஞ்சு குத்துகிறது. என்ன செய்யலாம், டொக்டர்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: சகோதரி, மாமியை இன்றோ நாளையோ வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். படியேறும்போது வந்து, இளைப்பாறினால் சில நிமிடங்களில் விலகும் பாரம், இதயத்தசைக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிகள் ஒடுங்கியிருப்பதன் அடையாளமாகவே முதலில் கருதப்பட வேண்டும். அது புதிதாகத் தொடங்கியிருப்பது அவசரத்தை இன்னும் கூட்டுகிறது. இரைப்பை அமிலத்தால் வரும் எரிவு பெரும்பாலும் சாப்பிட்ட பின்னரும் படுக்கும்போதும் வருவது. நடக்கும்போது வந்து, நின்றால் தணிவது அதன் இயல்பன்று. ஓமத்தண்ணீர் குடித்ததும் சுகம் கிடைத்ததே என்று மாமி சொல்லக்கூடும். அதைக் குடிப்பதற்காக அவர் உட்கார்ந்த அந்த ஐந்து நிமிட ஓய்வே வலியைத் தணித்திருக்கலாம் என்பதை அவருக்குப் பொறுமையாக விளக்குங்கள்.

சலரோகம் நீண்டகாலம் இருந்தால் நரம்புகள் பாதிக்கப்பட்டு, மாரடைப்பே வலியில்லாமல் வந்துவிடலாம். திடீர் மூச்சுமுட்டல், குளிர்ந்த வியர்வை, வாந்தி, காரணமற்ற களைப்பு ஆகியவை மட்டுமே தெரியலாம். பெண்களிடம் தாடையிலோ முதுகிலோ மேல்வயிற்றிலோ நோவு தோன்றுவதும் உண்டு. வீட்டிலுள்ளவர்களுக்கு நெஞ்சு நோவென்றால் உடனே ஓடும் பெண்கள், தங்களுக்கு வரும்போது சமையலை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்துவிடுவதை நான் மிகுந்த கவலையோடு கண்டிருக்கிறேன்.

வைத்தியர் ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்துடிப்புப் பதிவு), இரத்தச் சீனி, கொழுப்பு, பிரஷர் ஆகியவற்றைப் பார்த்து, தேவைப்பட்டால் எக்கோ (இதயத்தின் ஸ்கான்), அஞ்சியோகிராம் (இதய நாடிகளின் எக்ஸ்ரே படம்) போன்ற பரிசோதனைகளுக்கு அனுப்புவார். அதற்கிடையில், ஓய்விலும் விலகாமல் பத்து நிமிடத்துக்கு மேல் பாரம் நீடித்தால், அல்லது வியர்த்துக் கொட்டினால், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸை வரவழையுங்கள், அது இலவசம். காலி வீதியின் மாலை நெரிசலில் முச்சக்கரவண்டியில் ஏற்றிச் சென்றால், வழியில் இதயம் நின்றுபோனால் கைகொடுக்க ஆளிராது. அவரை நடக்க விடாதீர்கள். ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லையென்றால், அம்புலன்ஸுக்கு அழைத்த பின் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்யலாம். நம் கொழும்பில் இதையும் சொல்லியாக வேண்டும்: காய்ச்சல் இருந்து டெங்கு என்ற சந்தேகமும் இருந்தால் ஆஸ்பிரின் கூடாது, அது இரத்தக்கசிவைக் கூட்டும்.

மகளுக்கு அந்தக் குத்து ஒரு விரலால் காட்டக்கூடிய இடத்தில் இருந்து, அழுத்தினால் நொந்தால், விலா எலும்பின் குருத்தெலும்பிலோ தசையிலோ ஏற்பட்ட அழற்சியாக இருக்கலாம். மணிக்கணக்காகக் குனிந்து படிப்பதும் பரீட்சைப் பதற்றமும் இதைக் கூட்டும். பதற்றத்தால் வரும் வலியும் உண்மையான வலியே, ஆகவே ‘நடிக்கிறாய்’ என்று ஏசாதீர்கள். குடும்ப வைத்தியர் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும். ஆனால் காய்ச்சலோடு இருமல், ஒரு பக்கத்தில் திடீர் வலியோடு மூச்சுத்திணறல், ஓடும்போது மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென இறந்திருந்தாலோ தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: வயது 44, புகைபிடிப்பேன். சென்ற வாரம் இரவில் ஒரு மணி நேரம் நெஞ்சு இறுகியது. ஒரு தனியார் நிலையத்தில் ஈ.சி.ஜி. சரியென்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனிப் பயமில்லைத்தானே?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஈ.சி.ஜி. பதிவது அந்தச் சில விநாடிகளை மட்டுமே. மாரடைப்பிலும் முதலாவது ஈ.சி.ஜி. இயல்பாக இருக்கலாம் என்பதால்தான், சேதமுற்ற இதயத்தசையிலிருந்து கசியும் ட்ரொபோனின் என்ற புரதத்தை இரத்தத்தில் அளந்து, சில மணித்தியாலங்களின் பின் மீண்டும் அளக்கிறோம். உங்களுக்கு அது செய்யப்பட்டதாகக் கடிதத்தில் இல்லை. முதுகை நோக்கிக் கிழிப்பதுபோன்ற வலி, இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் கிழிவாகவும், ஒரு காலில் வீக்கத்தோடு வரும் மூச்சுத்திணறல் நுரையீரலில் இரத்தக்கட்டியாகவும் இருக்கக்கூடும், இரண்டும் உயிராபத்தானவை. நீங்கள் எழுதிய இறுக்கமோ இதயத்தையே சுட்டுகிறது. வலி இப்போது இல்லாவிட்டாலும் இன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சிகரெட்டையும் இன்றே விடுங்கள். அன்று எடுத்த ஈ.சி.ஜி. தாளைக் கையோடு கொண்டு போங்கள்; புதிதாக எடுப்பதை அதனோடு ஒப்பிட்டால், தனித்தனியே பார்க்கையில் தெரியாத மாற்றமும் வைத்தியருக்குத் தெரியவரும்.