வரி குறைந்ததே, விலை ஏன் குறையவில்லை? – கேள்வி பதில்

சென்னைத் துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் வேலை பார்க்கிறேன், பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கும் கணக்குப் படிவம்) போடுவதுதான் பிழைப்பு. இறக்குமதி வரி, கடை விலை பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: வரி சதவீதம் சரக்கு வந்து இறங்கும் விலை மேல் போடப்படுவது. அதை எம்ஆர்பி மேல் போட்டுக் கணக்குப் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

மதுரைக்காரி: 2024 ஜூலை பட்ஜெட்டில் செல்போன் வரியை 20-லிருந்து 15 சதவீதமாக்கினார்கள். ஐபோன் ஏன் ஐந்து சதவீதம் குறையவில்லை?

பாருங்கள், எம்ஆர்பி கணக்கு! நூறு ரூபாய்க்கு வந்து இறங்கும் போன் என்று வையுங்கள். பழைய கணக்கில் அடிப்படை வரி 20, அதில் பத்தில் ஒரு பங்கு சர்சார்ஜ் (வரி மேல் வரி) 2, ஆக 122. அதன் மேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி, 18 சதவீதம், கிட்டத்தட்ட 144. புதுக் கணக்கில் 116.50, ஐஜிஎஸ்டியோடு 137.50. மிச்சம் ஆறரை ரூபாய், 144-ல் நாலரை சதவீதம். இது இறக்குமதி செய்பவரின் செலவில் குறைவது மட்டும்தான். அதற்கு மேல் ஏறும் விளம்பரம், டீலர் கமிஷன், ஷோரூம் வாடகை எதுவும் வரியோடு சேர்ந்து இறங்காது. அதனால்தான் விலை மூன்று, நான்கு சதவீதம் இறங்கியதோடு நின்றது. அப்புறம், ஸ்ரீபெரும்புதூரில் அசெம்பிள் செய்த போனுக்கு இந்த வரியே கிடையாது, உதிரி பாகங்களுக்குத்தான் வரி.

கும்பகோணம் வாசகர்: அதே பட்ஜெட்டில் தங்கத்துக்கும் குறைத்தார்களே சார், இன்று பவுன் எங்கே நிற்கிறது?

15-லிருந்து 6 சதவீதமானது. அன்றே சென்னையில் பவுனுக்கு இரண்டாயிரம் ரூபாய் அளவில் இறங்கியது, அதாவது வரிக் குறைப்பு கைக்கு வந்தது. பிறகு உலக விலை ஏறியது. 2025 அக்டோபரில் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியபோது இங்கே பவுன் 90,000-ஐத் தாண்டியது. பழைய 15 சதவீதமே இருந்திருந்தால் அந்த 90,000 சுமார் 97,600 ஆகியிருக்கும். குறைந்தது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

திருச்சி அக்கா: சமையல் எண்ணெய் மட்டும் வரி ஏற்றிய மறுவாரமே ஏறிவிட்டதே? பழைய ஸ்டாக் எங்கே போனது?

நல்ல கேள்வி. 2024 செப்டம்பர் 14-ம் தேதி கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி மூன்றுக்கும் மொத்த வரி 5.5-லிருந்து 27.5 சதவீதமானது. சுத்திகரித்ததற்கு 13.75-லிருந்து 35.75. அப்போது நாட்டில் குறைந்த வரியில் வந்த எண்ணெய் 30 லட்சம் டன் அளவில், 45 முதல் 50 நாள் செலவுக்குக் காணும் அளவு இருந்தது. அது தீரும்வரை எம்ஆர்பியை ஏற்றாதீர்கள் என்று மத்திய அரசே கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது.

ஆனாலும் ஏறியது. ஏனென்றால் மொத்த வியாபாரி இன்று விற்ற டின்னுக்குப் பதிலாக நாளை வாங்கப்போகும் டின் என்ன விலையோ அதை வைத்துத்தான் இன்றைய விலையைப் போடுவார். இறங்கும்போதும் இதே கணக்கு பொருந்தவேண்டும் இல்லையா? பொருந்தாது. அப்போது மட்டும் ‘பழைய விலைக்கு வாங்கிய சரக்கு கிடக்கிறது’ என்பார்கள். 2025 மே 30-ல் கச்சா எண்ணெய்க்கு 16.5 சதவீதமாகக் குறைத்தபோதும் என் காதில் விழுந்தது இந்தப் பதில்தான்.

பொள்ளாச்சி தோப்புக்காரர்: வரியைக் குறைத்தால் விவசாயி கதி என்ன? பாமாயிலைக் கொண்டுவந்து கொட்டினால் தேங்காய்க்கு எப்படி விலை வரும்? உங்களுக்குக் கப்பல் வந்தால் போதும்.

கப்பல் வந்தால்தான் எனக்குச் சோறு, மறுக்கவில்லை. ஆனால் 2024-ல் ஏற்றிய வரி யாருக்காக? சோயா விவசாயிக்காக. அந்த ஆண்டு சோயாவுக்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய். வரி ஏறிய பிறகும் மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசச் சந்தைகளில் விலை அதற்குக் கீழேதான் கிடந்தது. சோயாவில் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது, மீதி பெரும்பாலும் புண்ணாக்கு, அந்தப் புண்ணாக்கு விலை விழுந்து கிடந்தது. எண்ணெய் வாங்குகிறவர் கூடுதல் காசு கொடுத்தார், விளைவித்தவருக்கு அது போய்ச் சேரவில்லை.

பொள்ளாச்சி தோப்புக்காரர் மீண்டும்: சோயா கதை எனக்கெதற்கு? கொப்பரையில் அறுபது சதவீதத்துக்கு மேல் எண்ணெய். எங்களுக்கு விலை ஏறினால் எங்களுக்குத்தான் வரும்.

சரி, கொப்பரைக்கு அந்த வாதம் செல்லும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2025-ல் தேங்காய் எண்ணெய் வரலாறு காணாத விலைக்குப் போனது விளைச்சல் குறைந்ததால். அந்த ஆண்டு மே மாதம் பாமாயில் வரி குறைந்தது, தேங்காய் எண்ணெய் இறங்கவே இல்லை. இரண்டும் ஒரே சட்டியில் போட்டி போடுகின்றன என்று நீங்கள் நினைக்கும் அளவுக்குப் போடவில்லை.

ஈரோடு பஜ்ஜிக் கடை: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும் அண்ணா. தோப்புக்காரர் பேச்சைக் கேட்டு வரி ஏற்றினால் நான் பஜ்ஜி பத்து ரூபாய்க்கு எப்படிப் போடுவது? தேங்காய் எண்ணெயிலா?

பொள்ளாச்சி தோப்புக்காரர்: ரேஷனில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று எத்தனை வருடமாகக் கேட்கிறோம். அதற்கு மட்டும் பதில் வராது.

வருகிறது. ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய், மீதியை மாநில அரசு போடுகிறது. அதே 25 ரூபாய்க்குத் தேங்காய் எண்ணெய் கொடுக்க அரசு இன்னும் பல மடங்கு போடவேண்டும். போடலாம், அது மானியக் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. அந்தப் பணம் பட்ஜெட்டில் எழுதப்பட்டு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இறக்குமதி வரியில் அதே சுமை பஜ்ஜிக் கடைக்காரர் தலையில் ஏறும், பில்லில் தனியாக எழுதிக்கூட வராது. எனக்கு இதுதான் உறுத்தல்.

இன்னொன்று, வரியை ஏற்றினால் சரக்கு வேறு வாசல் தேடும். 2024-க்குப் பிறகு நேபாளத்திலிருந்து வரியில்லாமல் சோயா எண்ணெய் வந்து குவிந்தது. நேபாளத்தில் அவ்வளவு சோயா விளைகிறதா என்ன? கச்சா எண்ணெயை வெளியே வாங்கிச் சுத்திகரித்து இங்கே அனுப்பினார்கள்.

இத்தோடு தேங்காயை விட்டுவிடுவோம்.

சேலம்: தங்க வரி மறுபடி குறையுமா? பட்ஜெட் வரை காத்திருந்து வாங்கலாமா?

தெரியாது. கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது என்றால் வாட்ஸப் வதந்தியை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

தஞ்சாவூர்: தங்கம் ஆறு சதவீதம் என்றீர்கள், நகைக்கடையில் ஜிஎஸ்டி மூன்று தனியாகப் போடுகிறார்களே?

அது வேறு, இது வேறு. ஆறு ஏற்கெனவே கிராம் விலைக்குள் இருக்கிறது. தங்கத்தைப் பற்றி இதுதான் கடைசி.

யாழ்ப்பாணம்: எங்கள் பக்கம் சீனிக்கு வரி குறைத்தபோது கடையில் ஒரு சதமும் குறையவில்லை. ஏன்?

இந்த விஷயத்தில் பாடப்புத்தகத்தில் வைக்கவேண்டிய உதாரணம் அது. 2020 அக்டோபரில் இலங்கையில் கிலோவுக்கு 50 ரூபாயாக இருந்த விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்ற இறக்குமதி வரியை 25 சதமாக, அதாவது கால் ரூபாயாக, ஆக்கினார்கள். அரசுக்குச் சுமார் 1,600 கோடி ரூபாய் வருமானம் போனதாக நாடாளுமன்றக் குழுவரை பேச்சானது. இறக்குமதி செய்வது சில பேர் மட்டும் என்றால், வரியாகக் கட்டாத பணம் அவர்கள் லாபமாகத் தங்கிவிடும். அடுத்த கடைக்காரன் குறைத்து விற்றுவிடுவான் என்ற பயம் இருந்தால்தான் விலை இறங்கும். எந்த வரிக்குறைப்புச் செய்தி வந்தாலும் அந்தச் சரக்கை எத்தனை பேர் கொண்டுவருகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

நியூஜெர்சி: அமெரிக்காவில் வரியை ஏற்றுமதி செய்கிற நாடுதான் கட்டுகிறது என்கிறார்களே?

கட்டுவது இறக்குமதி செய்பவர், பில் அவர் பெயரில்தான். ஏற்றுமதி செய்பவர் சில சமயம் விலையைத் தட்டிக் கொடுப்பார். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வந்தபோது அங்கே வாங்குபவர்கள் திருப்பூரில் தள்ளுபடி கேட்டு நெருக்கியது அதற்காகத்தான். ஆனால் 2018-ல் வாஷிங் மெஷினுக்கு வரி போட்டபோது உங்கள் ஊர் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது, வரியே போடாத டிரையரும் கூடவே ஏறியது. ஜோடியாக வாங்குவதால் கடைக்காரர்கள் இரண்டிலும் பிரித்துப் போட்டுக்கொண்டார்கள்.

கோவை: எனக்கு வந்த கூரியர் பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது, நோட்டீஸ் வந்திருக்கிறது.

நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு லைசென்ஸ் உள்ள கஸ்டம்ஸ் புரோக்கரைப் பாருங்கள். இங்கே வைத்துப் பேசும் விஷயம் இல்லை.

ஈரோடு பஜ்ஜிக் கடை: கடைசியாக ஒன்று அண்ணா. எண்ணெய் ஏறப்போகிறது என்று எனக்கு முன்கூட்டியே தெரிய வழி உண்டா?

உண்டு, இலவசம்தான். பாமாயில், சோயா எண்ணெய்க்கு ‘டாரிஃப் வேல்யூ’ என்று டன்னுக்கு இத்தனை டாலர் என மத்திய மறைமுக வரிகள் வாரியம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறிவிக்கிறது, மாத நடுவிலும் கடைசியிலும் வரும். வரி அந்த மதிப்பின் மேல்தான். சதவீதம் அப்படியே இருந்தாலும் அந்த டாலர் மதிப்பு இரண்டு தடவை தொடர்ந்து ஏறி, ரூபாயும் சரிந்தால், அடுத்த லோடு விலை கூடித்தான் வரும். அப்படித் தெரிந்தால் வாங்கவேண்டிய டின்களை முன்னாலேயே வாங்கி வையுங்கள், ரொம்ப நாளுக்கு மட்டும் வேண்டாம், நாளானால் எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும்.