விஷமமும் ஒரு டம்ளர் காப்பியும்

ஐயா,

நாங்கள் கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் தமிழர் வாழும் கொழிஞ்சாம்பாறையில் பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் சிறிய நாடகக் குழு. பகலில் ஆளுக்கொரு வேலை. சென்ற மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் குடும்ப நகைச்சுவை நாடகம் ஒன்றை நடத்தினோம். சென்னையிலிருந்து சம்பந்தி முன்னறிவிப்பின்றி வந்து இறங்குவதுதான் கதை. எழுதிவைத்த நகைச்சுவைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்ணைப் பெற்ற தாயாக நடித்தவர், "மக போனதுலேர்ந்து மனசுக்குக் கஷ்டமா இருக்கு சம்பந்தி" என்று சொல்ல வேண்டிய இடத்தில், வாய் தவறி, வீட்டில் பேசுகிறபடி "ரொம்ப விஷமமா இருக்கு சம்பந்தி" என்று சொல்லிவிட்டார். சம்பந்தியாக நடித்தவர் கையில் காப்பி டம்ளருடன் திகைத்து நின்றார். மண்டபமே அதிர்ந்தது. நாடகம் முடிந்ததும் பெரியவர் ஒருவர், மேடையில் கலப்புத் தமிழ் பேசலாமா என்று கடிந்துகொண்டார். அடுத்து பாலக்காட்டில் போடுகிறோம். அந்த இடத்தைத் திருத்திவிடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

திருத்த வேண்டாம். உங்கள் நாடகத்தில் தானாக விளைந்த ஒரே இடம் அதுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தோன்றியது.

தமிழக-கேரள எல்லையான வாளையாற்றுக்குக் கிழக்கே விஷமம் என்றால் குறும்பு; மேற்கே, மலையாளத்தில், அது துயரம். தாய் தன் துயரத்தைச் சொல்கிறாள், சென்னைக்காரர் காதில் அது வேறாக விழுகிறது. ஆயினும் சிரிப்பு அந்தச் சொல்லினால் மட்டும் வந்ததென்று நான் நினைக்கவில்லை. அரங்கில் இருந்தவர்கள் அன்றாடம் புழங்கும் சொல்தானே அது? அவர்கள் சிரித்தது டம்ளரோடு நின்ற மனிதரைப் பார்த்து. அவர் ஏன் நின்றார்? அவரும் உங்கள் ஊர்க்காரர், பொருள் தெரியாமல் நிற்கவில்லை. ஒத்திகையில் பழகிய 'கஷ்டம்' என்ற சொல் வராததால், தன் வசனத்தை எடுக்கும் இடம் தெரியாமல் நின்றார். அந்த இரண்டு நொடித் தடுமாற்றத்தைச் சபையோர் சென்னைச் சம்பந்தியின் குழப்பமாகவே எடுத்துக்கொண்டார்கள். எத்தனை நாள் ஒத்திகை பார்த்தாலும் எளிதில் அமையாத முகபாவம் ஒரு மறதியில் அமைந்துவிட்டது.

ஆபத்து இனிமேல்தான் இருக்கிறது. பாலக்காட்டில் அந்த அம்மையார், சிரிப்பு வரப்போகிறது என்று தெரிந்தே அந்தச் சொல்லைச் சொல்வார். சற்று அழுத்திச் சொல்வார், சபையைப் பார்த்துச் சொல்வார், கைதட்டல் கிடைத்தால் இரண்டாம் முறையும் சொல்வார். அமெச்சூர் குழுக்களில் நல்ல நகைச்சுவை பெரும்பாலும் இப்படித்தான் இரண்டாவது மேடையேற்றத்தில் கெட்டுப்போகிறது. அவர் மகளை நினைத்து உண்மையிலேயே வருந்திக்கொண்டு மட்டும் இருக்கட்டும். சம்பந்தி முகத்தைச் சுளிக்க வேண்டாம், கண்ணை உருட்ட வேண்டாம். வாய்க்குக் கொண்டுபோன டம்ளரைப் பாதி வழியில் நிறுத்தினால் போதும். சிரிப்பு உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கும்போது அவர் அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும். முழுதும் அடங்கும்வரை காத்திருந்தால் காட்சி குளிர்ந்துவிடும். முந்திக்கொண்டால் வசனம் யார் காதிலும் விழாது.

எழுதிய நகைச்சுவைகள் ஏன் எடுபடவில்லை என்பதற்கும் எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. சென்னைச் சபா நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள், மேடையின் முன்னால் வைத்த மைக்குக்கு நேரே வந்து நின்று, எதிரில் இருப்பவரை விட்டுவிட்டு நம்மிடம் துணுக்குச் சொல்லும் பழக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார்கள். வீட்டில் யாரும் மைக்கைப் பார்த்துச் சண்டை போடுவதில்லை. மண்டபம் சிறியதென்றால் மைக்கை எடுத்துவிட்டு ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

பெரியவரின் கவலையை எளிதில் தள்ளிவிட முடியாது. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தாவது தெரிய வேண்டுமே என்று அஞ்சும் ஊரில் அவர் வாழ்கிறார். ஆனால் அவருக்குச் சொல்ல என்னிடம் இரண்டு செய்திகள் உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியதற்குத் தூண்டுதலே, பல்லாரியிலிருந்து வந்த ஒரு குழு போட்ட தெலுங்கு நாடகங்கள்தான். படித்தவர்கள் கூத்தாடிகள் என்று மேடையை ஒதுக்கிய காலத்தில், அயல்மொழி மேடையைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் நம்முடைய அமெச்சூர் நாடகம் பிறந்தது. சபாபதி என்ற வீட்டு நகைச்சுவையைத் தந்தவரும் அவரே.

இரண்டாவது செய்தி உங்கள் ஊர்ப்பக்கத்தது. நான் வளர்ந்தது கொல்லங்கோட்டில். அறுவடை முடிந்த வயலில் பொறாட்டு நாடகம் நடக்கும் இரவுகளில் பாயைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறோம். வண்ணானும் வண்ணாத்தியும், குறவனும் குறத்தியும் ஒவ்வொருவராக வருவார்கள். 'சோத்யக்காரன்' எனப்படும் கேள்வி கேட்பவன் அவர்களை மடக்கி, எங்கிருந்து வருகிறாய், யாரோடு பிணக்கு என்று குடைவான். கணவன் மனைவி சண்டைதான் அதன் உயிர். பாட்டும் பேச்சும் தமிழும் மலையாளமும் கலந்தே வரும், எது எந்த மொழி என்று விடியும்வரை யாரும் கேட்டதில்லை. (எனக்கு மட்டும் நடுவில் உறக்கம் வந்துவிடும், குறத்தி திட்டும் இடத்தில் பாட்டி உலுக்கி எழுப்புவாள்.) குடும்ப நகைச்சுவை உங்கள் ஊருக்குச் சென்னையிலிருந்து வரவேண்டிய சரக்கல்ல என்று அந்தப் பெரியவரிடம் சொல்லுங்கள், அவரும் அந்த வயல்களில் உட்கார்ந்திருக்கக் கூடும்.

பிரதியில் சம்பந்தி மட்டும் சென்னைத் தமிழ் பேசட்டும், வீட்டார் அனைவரும் கொழிஞ்சாம்பாறைத் தமிழே பேசட்டும். தண்ணீரை உங்கள் பக்கத்து வழக்கில் "வெள்ளம் வேணுமா?" என்று அவரைக் கேட்கும் இடம் தானாகவே வந்துவிடும், ஆனால் அதையும் சேர்த்துத் தொடுக்காதீர்கள், ஒரு நாடகத்துக்கு ஒன்று போதும்.

இன்னொன்று. டம்ளரில் வெறும் தண்ணீரை ஊற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பாலக்காட்டில் சுடச்சுடக் காப்பியே ஊற்றுங்கள், எவர்சில்வர் டம்ளரில். விரல் சுட, கீழே வைக்கவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் அவர் நிற்பதற்கு அப்போது நடிப்பே தேவைப்படாது.